எண்ணாமல் எழுதிய இருபது

அன்புள்ள தம்பிக்கு,

வெள்ளிக்கிழமை காலையில் நீ போன் செய்து, தாதிமைப் படிப்பை விட்டுவிடப் போவதாகச் சொன்னாய். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும், கிள்ளான் வீட்டிலிருந்தே போய் வந்துவிடலாம் என்றாய். நான் "சரிய்யா" என்றேன். நான் திட்டுவேன், அல்லது அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பாய். நான் சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாய். அத்தோடு வைத்துவிட்டோம். மூன்று வருடப் படிப்பில் இரண்டரை வருடத்தை முடித்தவன் விட்டுவிட்டு வருகிறேன் என்றால் எந்தத் தாயும் ஏன் என்று கேட்பாள். நான் கேட்காததற்குக் காரணம், ஏன் என்பது எனக்குத் தெரியும். உனக்குத் தெரிந்ததைவிட அதிகமாகவே தெரியும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா போய் ஐந்து மாதம் ஆகிறது. இந்த ஐந்து மாதமாக எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா பாசாருக்குக் கூப்பிட்டால் போகிறேன். மீன் விலை கேட்கிறேன், வாங்குகிறேன். வீட்டுக்கு வந்து பையைத் திறந்து பார்த்தால்தான் என்ன மீன் என்று தெரிகிறது. அழுகை வரவில்லை. வராததற்கு வெட்கமும் வரவில்லை. அதனால் இந்தக் கடிதத்தில் கண்ணீர்க் கறை எதையும் தேடாதே. முப்பத்தோரு வருடம் தாதியாக வார்டில் ரிப்போர்ட் எழுதிய கை இது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதத் தெரியும், அவ்வளவுதான். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இது உன் கைக்கு வரும்போது, இதன் பிரதி ஒன்று தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு இணைப்புக்குப் போயிருக்கும். பெயர் போடவில்லை. ஏன் அனுப்பினேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நீ இந்தப் படிப்பில் சேர்ந்தது என்னால்தான். பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை எஸ்.பி.எம். முடிவு வந்ததும், உனக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது வார்டு ஒன்றுதான். அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆம்பளப் புள்ளய மிஸி வேலைக்கு அனுப்புறியா?" என்று கேட்டார். நம் ஊரில் தாதி என்றால் மிஸிதான், மிஸி என்றால் பெண்தான் என்பது அவர் கணக்கு. போர்ட் கிள்ளானில் தன்னோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் நண்பர்களிடம், பையன் ஆஸ்பத்திரியில் படிக்கிறான் என்று மட்டும் சொல்லிவைத்தார். என்ன படிப்பு என்று யாராவது கேட்டால் கோப்பியைக் குடிக்க ஆரம்பித்துவிடுவாராம். ஆனாலும் பிரிக்பீல்ட்ஸில் உனக்கு அறை கிடைத்த அன்று, உன் வாளி, தலையணை, துணி காயப்போடும் கம்பி எல்லாவற்றையும் கொமுட்டர் ரயிலில் அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஜன்னல் கொக்கி சரியில்லை என்று சொல்லி, கடை தேடிப் போய் கொக்கி வாங்கி வந்து மாட்டிவிட்டுத்தான் கிளம்பினார்.

பிறகு அவரே உனக்குப் பொம்மையானார். முதல் வருடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ வீட்டுக்கு வந்து, படித்த செய்முறைகளையெல்லாம் அவர்மேல் பழகினாய். அவரைப் படுக்கவைத்தபடியே விரிப்பு மாற்றினாய். அவரை ஒரு பக்கம் உருட்டி, மறுபக்கம் உருட்டி, மூலைகளைச் சுருக்கமில்லாமல் மடித்துச் செருகினாய். ரத்த அழுத்தம் பார்க்கிறேன் என்று ஒரே காலையில் ஆறு தடவை கைப்பட்டையை இறுக்கினாய். சீனப் புத்தாண்டுக்கு வந்த ஆரஞ்சுகளில் ஊசி போட்டுப் பழகினாய், அதில் ஒன்றை உரித்துத் தின்றவர், "என்னடா இது, பச்சத் தண்ணியா இருக்கு, இதுக்கும் வைத்தியம் பாத்துட்டியா?" என்று கேட்டார். மூச்சை எண்ண வேண்டும் என்று நீ சொன்ன அன்று அவர் யோகாசனம் செய்பவர் மாதிரி இழுத்து இழுத்து விட ஆரம்பித்தார். அன்றுதான் நான் உனக்குச் சொன்னேன். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் எந்த நோயாளியும் மூச்சை மாற்றிவிடுவார். அதனால் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் நெஞ்சுப் பக்கம் வைத்து, ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். நீ உடனே பிடித்துக்கொண்டாய். எண்ணும்போது உன் உதடு மட்டும் அசையும். தமிழ்ப் பள்ளியில் வாய்ப்பாடு படித்த பழக்கம், தமிழில்தான் எண்ணுவாய். அது நோயாளிக்குத் தெரிந்துவிடும் என்று நான் கண்டித்தும் விடவில்லை.

நான் உனக்குச் சொல்லித்தந்ததில் சரியானது அதுதான். அடுத்து சொல்லித்தந்தது வேறு. முதல் முறையாக உன்னை வார்டுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ மாலையில் போன் செய்தாய். பன்னிரண்டு படுக்கையை உன்னிடம் கொடுத்திருந்தார்கள். நீ ஒவ்வொருவர் மூச்சையும் ஒரு நிமிடம் எண்ணிக்கொண்டு நின்றாய். எட்டாவது படுக்கைக்கு வரும் முன்பே டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துவிட்டார். வார்டு சிஸ்டர் எல்லோர் முன்னாலும் உன்னைத் திட்டினார். நான் சிரித்தேன் தம்பி. எனக்கு அது சின்ன விஷயமாகப் பட்டது.

"யாரும் எண்ண மாட்டாங்கய்யா. சார்ட்ல மூச்சுக் கட்டத்துல இருபது போடு. கொஞ்சம் மூச்சு வாங்குறவங்களுக்கு இருபத்திரெண்டு. முடிஞ்சிச்சுலா" என்றேன்.

நீ கேட்டாய். "அப்ப எதுக்குமா அந்தக் கட்டத்த வெச்சிருக்காங்க?"

உனக்கு இன்னும் வார்டு பழகவில்லை, பழகினால் புரியும் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த வாரம் போன் செய்தபோது பன்னிரண்டு படுக்கையையும் நேரத்துக்கு முடித்துவிட்டதாகச் சொன்னாய். சிஸ்டர் பாராட்டினாராம். பயிற்சிப் புத்தகத்தில் அந்தப் பகுதி முழுவதற்கும் கையெழுத்து கிடைத்துவிட்டதாம். எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமை என்பது எப்படி இருக்கும் என்று இப்போது மறந்துவிட்டது, ஆனால் அன்று இருந்தது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். வார்டில் காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் இப்போது இயந்திரம் சொல்லிவிடும். பொது வார்டில் மூச்சை மட்டும் மனிதர்தான் கண்ணால் பார்த்து எண்ண வேண்டும். முப்பது படுக்கை இருந்தால் முப்பது நிமிடம். அந்த முப்பது நிமிடம் யாரிடமும் இருக்காது. அதனால் இருபது என்று எழுதுவோம். எல்லாவற்றுக்கும் இருபது போட்டால் கண்ணைக் குத்தும் என்று நடுநடுவே பதினெட்டு. எங்கள் வார்டில் மலாய்க்காரர், சீனர், தமிழர், கிழவர், இளைஞர் எல்லோரும் ஒரே மாதிரி மூச்சுவிட்டார்கள். எண்ணாமல் எழுதினேன் என்பதை நான் ஒரு தப்பாகவே நினைத்ததில்லை. ஓய்வு பெற்ற அன்று பூங்கொத்து கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்தேன்.

அப்பாவின் காலில் பாதுகாப்புக் காலணி உரசிப் புண் வந்தது உனக்குத் தெரியும். சர்க்கரைக் கால், வலி தெரியவில்லை. தெரிந்தபோது விரல் கறுத்திருந்தது. மருத்துவமனையில் சேர்த்தோம். அந்த மருத்துவமனையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. நான் வேலை பார்த்த எந்த வார்டும் அதைவிட ஒழுங்காக இருந்ததில்லை. சுத்தம் செய்து கட்டுப் போட்டு, நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தார். பக்கத்துப் படுக்கைக்காரரிடம், என் மகன் மிஸி, ஆம்பள மிஸி, வெள்ளை டிரெஸ் போட்டுக்கிட்டு சாயந்திரம் வருவான் பாருங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். உன்னைப் பற்றி அந்த வார்த்தையை அவர் பெருமையாகச் சொல்லி முதன்முதலாக அப்போதுதான் கேட்டேன்.

மூன்றாம் நாள் சாயந்திரம் நாலரைக்கு நீ உன் பயிற்சி முடிந்து, வேறொரு மருத்துவமனையிலிருந்து வெள்ளைச் சீருடையோடு நேராக வந்தாய். அப்பா வெக்கையாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கட்டில் கால்மாட்டில் தொங்கிய சார்ட்டை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். மூச்சு எவ்வளவு போட்டிருக்கிறது என்று கேட்டேன். நீ பார்த்தாய். "ட்வெண்டிமா. நார்மல்" என்றாய். அப்பா உன்னைக் காட்டி, "டாக்டரே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன" என்று சிரித்தார். நீ ஒரு மணி நேரம் இருந்துவிட்டு பிரிக்பீல்ட்ஸுக்குக் கிளம்பிப் போனாய்.

மறுநாள் காலை பத்து மணிக்குள் அவருக்கு ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது. காலில் இருந்த கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். நீ ஓடிவந்தாய். அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். நம் இருவரையும் நிற்கவைத்து, நேற்றே மூச்சு வேகமாக ஆரம்பித்திருக்க வேண்டுமே, இந்த நோயில் முதலில் மாறுவது மூச்சுதான், யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்டார். குற்றம் சாட்டிக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டு சொன்னேன். "சார்ட்ல ட்வெண்டின்னு இருந்துச்சு டாக்டர்." நீ என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாய். அதற்கு அடுத்த நாள் மதியம் அப்பா போய்விட்டார்.

காரியங்களெல்லாம் முடிந்து நீ வகுப்புக்குத் திரும்பினாய். திரும்பிவிட்டாய், இனிப் பரவாயில்லை என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூட அதிகம். அதைப் பற்றி யோசிக்கவில்லை. போன மாதம் உன் பயிற்சி ஆசிரியை எனக்குப் போன் செய்தார். செய்முறைத் தேர்வில் உனக்கு வந்தது மிகச் சுலபமானது. உனக்குக் கீழ் வகுப்பு மாணவர் ஒருவரை நோயாளியாகப் படுக்கவைத்து, காய்ச்சல், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் பார்த்து எழுத வேண்டும். நீ கை கழுவினாய், பெயர் கேட்டாய், எல்லாம் முறைப்படி செய்தாய். பிறகு அந்த மாணவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ண ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லையாம். ஒரு நிமிடம் போனது, மூன்று நிமிடம் போனது. மணி அடித்தார்கள். தேர்வாளர் போதும் என்றார். "இன்னும் முடிக்கல மேடம்" என்று சொல்லிவிட்டு எண்ணிக்கொண்டே நின்றாயாம். ஆசிரியை வந்து கையை விடுவித்தார். மறுதேர்வு வருகிற வியாழக்கிழமை என்று தேதி கொடுத்திருக்கிறார்கள்.

அந்த ஞாயிறு நீ கிள்ளானுக்கு வந்தாய். சாப்பிட்டு முடித்த தட்டைக் கழுவிக்கொண்டே, எனக்கு முதுகைக் காட்டியபடி சொன்னாய். "நான்தான்மா நார்மல்னு சொன்னேன். சார்ட்டப் பாத்துச் சொல்லிட்டேன். நான் எண்ணல. எண்ணியிருந்தா அப்பா இருந்திருப்பாரு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ரசம் மிச்சமிருக்கிறது, போத்தலில் ஊற்றித் தரவா என்று கேட்டேன். நீ வேண்டாம் என்றாய். நீ கொமுட்டர் நிலையத்துக்கு நடந்து போவதை கேட்டில் நின்று பார்த்தேன். உன்னைத் திரும்பக் கூப்பிட எனக்கு நிறைய நேரம் இருந்தது.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாதது. அன்று நீ நாலரைக்கு வந்தாய். மருந்து ஏற்றுகிறார்கள், வலியில்லை, தூங்கட்டும் என்று நான் மதியத்திலிருந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்கு ஒரு பெண் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தமிழ்ப் பெண்தான், உன் வயசுதான் இருக்கும். கையில் பட்டையைச் சுற்றினாள், காதில் காய்ச்சல் பார்த்தாள், விரலில் கிளிப் மாட்டினாள். எழுதினாள். அவர் நெஞ்சுப் பக்கம் ஒரு தடவைகூடப் பார்க்காமல் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டாள். நான் எழுந்து சார்ட்டைப் பார்த்தேன். இருபது. எனக்குக் கோபம் வரவில்லை. என் கையெழுத்தையே பார்ப்பதுபோல இருந்தது.

மூன்று மணிக்கு நான் எண்ணினேன். எதிர்ச் சுவரில் பெரிய கடிகாரம் இருந்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு முழு நிமிடம். முப்பத்திரண்டு. தப்பாக எண்ணியிருப்பேன் என்று மறுபடி எண்ணினேன். முப்பத்து நாலு. முப்பத்து நாலு என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் எழுந்து தாதிகள் உட்காரும் கவுண்டருக்குப் போனேன். அந்தப் பெண் நிமிர்ந்து, "சொல்லுங்க ஆன்டி" என்றாள். நான் சொன்னது இதுதான்: "கொஞ்சம் சுடுதண்ணி கிடைக்குமாம்மா?"

அவள் சுடுதண்ணி கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். ஏன் சொல்லவில்லை என்று இந்த ஐந்து மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கிடைத்த காரணங்களை அப்படியே எழுதுகிறேன். முதல் நாள் காலையில் டிரிப் சரியாக இறங்கவில்லை என்று நான் சொன்னதற்கு அங்கிருந்த மூத்த தாதி, "ஆன்டி முன்னாடி மிஸியா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். நோயாளியின் சொந்தக்காரர் தாதியாக இருந்தால் நாங்கள் சிரிக்கும் சிரிப்பு அது. அவர்கள் போன பிறகு, நாங்கள் டீ குடிக்கும் பான்ட்ரியில் வைத்துப் பேசுவோம். என்னைப் பற்றி அப்படிப் பேசக்கூடாது என்று எனக்கு இருந்தது. இன்னொன்று, நான் முப்பத்து நாலு என்று சொன்னால் அந்தப் பெண் எண்ணாமல் எழுதினாள் என்று நானே சொன்னதாகிவிடும். அதை எந்த வாயால் சொல்வது என்று இருந்தது. ஐந்து மணிக்கு டாக்டர் வருவார், அவர் பார்த்துக்கொள்வார் என்றும் நினைத்தேன். டாக்டர் அன்று ஏழு மணிக்கு வந்து சார்ட்டைப் பார்த்துவிட்டுப் போனார். அவருக்கும் இருபதுதான் கிடைத்தது. இவ்வளவும் ஒரு மனிதரின் உயிருக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய காரணங்களா என்று நீ கேட்கலாம். இல்லை.

சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. டாக்டர்களும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். ஒரு சாயந்திரமும் ஒரு ராத்திரியும் அவருக்குக் கிடைத்திருக்கும். அந்த நேரம் உன் வாயால் போகவில்லை. என் வாயால் போனது. நீ வந்து சேர்ந்தபோது எனக்குப் பதில் தெரியும். தெரிந்துகொண்டே உன்னைச் சார்ட்டைப் படிக்கச் சொன்னேன். யாராவது ஒருவர் நார்மல் என்று சத்தமாகச் சொன்னால் தேவலை என்று இருந்தது எனக்கு. சொல்வதற்கு நீதான் கிடைத்தாய்.

போன வாரம் அந்த மருத்துவமனைக்குப் போனேன். அந்தப் பெண்ணைப் பார்த்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் கிளம்பினேன். வார்டு வாசலில் நின்றேன். அவள் அதே இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு படுக்கை படுக்கையாகப் போனாள். சாப்பிட்டிருக்கமாட்டாள், நடை தள்ளாடியது. என்னைப் பார்த்து, "யாரப் பாக்கணும் ஆன்டி?" என்று கேட்டாள். அவளுக்கு என்னை நினைவில்லை. இருக்காது. எனக்கும் என் நோயாளிகளில் எத்தனை பேரை நினைவிருக்கிறது? வார்டு மாறி வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவளுக்கும் யாரோ ஒரு மூத்த மிஸி போனில் சொல்லிக்கொடுத்திருப்பார், இருபது போடு என்று.

இதைப் பத்திரிகைக்கு ஏன் அனுப்பினேன் என்று சொல்கிறேன். உனக்கு மட்டும் கொடுத்தால் நீ படித்துவிட்டு மடித்து எங்காவது வைத்துவிடுவாய். அடுத்த ஞாயிறு வந்து, ஒன்றும் தெரியாதவன் மாதிரி என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவாய். பழியை உன்னிடமே வைத்துக்கொண்டு என்னைக் காப்பாற்றுவாய். அப்பாவுக்கும் அந்தக் குணம்தான். அச்சில் வந்துவிட்டால் உன்னால் மறைக்க முடியாது. என்னோடு வேலை பார்த்தவர்கள் யாராவது படித்து இது யார் என்று கண்டுபிடித்தாலும் பரவாயில்லை. அவர்களில் பாதிப்பேருக்குத் தங்கள் கையெழுத்தும் ஞாபகம் வரும்.

தொழிற்சாலைக்குப் போவதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் மனிதர்கள்தான் வேலை செய்கிறார்கள். காலையில் பஸ் வரும், மாலையில் கொண்டுவந்து விடும். உனக்கு அதுதான் வேண்டுமென்றால் சாப்பாடு கட்டித் தருகிறேன். படிப்பை முடி என்று சொல்லும் தகுதியும் என்னிடம் இல்லை. ஆனால் மறுபடி வார்டுக்குள் போவதாக இருந்தால், நான் போனில் சொன்னதை மறந்துவிடு. பன்னிரண்டு படுக்கையில் ஏழுதான் முடியுமென்றால் ஏழைச் செய்துவிட்டு, மிச்சம் ஐந்தின் கட்டத்தைக் காலியாக விடு. சிஸ்டர் திட்டுவார். எல்லோர் முன்னாலும் திட்டுவார். நின்று வாங்கிக்கொள். கட்டம் காலியாக இருந்தால் அடுத்து வருபவர் எண்ணிப் பார்ப்பார். யாருடைய அம்மாவாவது கவுண்டருக்கு வந்து தயங்கி நின்றால், என்ன வேண்டும் என்று இரண்டாம் தடவையும் கேள். எனக்கு இதற்குமேல் புத்தி சொல்லத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. நீ சமையலறையில் சொன்னாயே, நான் எண்ணவில்லை என்று. உன் ஞாபகத்தில் அந்தச் சாயந்திரம் சார்ட்டிலிருந்து தொடங்குகிறது. அப்படி இல்லை. நீ வந்ததும் பையை இறக்கி வைத்துவிட்டு, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாய். மகன் ஆசையாகக் கை பிடிக்கிறான் என்று அவர் உன் விரல்களைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். நீயும் அதை அப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். ஆனால் உன் கண் அவர் நெஞ்சில் இருந்தது. உன் உதடு அசைந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. முப்பதைத் தாண்டப் போகிறது, அதை நீ வாய்விட்டுச் சொல்லப் போகிறாய் என்று பயந்துபோனேன். "டிரிப் போற கைய்யா, விடு. போயி சார்ட்டப் பாரு" என்றேன். டிரிப் மற்றக் கையில் போய்க்கொண்டிருந்தது. நீ அம்மா சொன்னால் கேட்கிற பிள்ளை. விட்டுவிட்டு எழுந்தாய்.

அப்போது பதினொன்று வரை எண்ணியிருந்தாய். நிறுத்தியது நான். நீ எண்ணினாய் தம்பி.

அம்மா